இரண்டு மார்க் கேள்விக்குள் ஒளிந்திருந்த லில்லியன் கில்பிரெத்

மெக்கானிக்கல், ப்ரொடக்‌ஷன் படிக்கிற நண்பர்களுக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்கும்: தெர்ப்ளிக். ஒர்க் ஸ்டடி பாடத்தில் இரண்டு மார்க் கேள்வியாக வரும். ஒரு வேலையை அசைவு அசைவாகப் பிரித்தால் கிடைக்கும் சின்ன அலகு என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அது யார் வைத்த பெயர் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? கில்பிரெத் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ஏறக்குறைய தெர்ப்ளிக் வரும். அது ஒரு கணவன் மனைவியின் குடும்பப் பெயர். கணவர் ஃபிராங்க். மனைவி லில்லியன்.

இந்தக் கட்டுரை லில்லியனைப் பற்றியது. பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர், உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அமெரிக்காவில் இன்ஜினியர்கள் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்ட முதல் சில பெண்களில் ஒருவர். எனக்கு ஏன் முடியவில்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிற ஒவ்வொரு இரவிலும் நினைத்துப் பார்க்க வேண்டியவர். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கூச்ச சுபாவமுள்ள மூத்த பெண்

1878 மே 24. கலிபோர்னியா மாநிலம் ஓக்லாந்தில், ஜெர்மன் வம்சாவளியைச் சேர்ந்த வசதியான மோலர் குடும்பத்தில் லில்லியன் பிறந்தார். வீட்டில் ஒன்பது பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். அம்மாவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். அதனால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சின்ன வயதிலேயே இவர் தலையில் விழுந்தது. ரொம்பக் கூச்ச சுபாவம் வேறு. ஒன்பது வயது வரை பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார்கள்.

பெண்ணுக்கு எதற்குக் கல்லூரி என்பது அப்பாவின் எண்ணம். நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கிறதா? மகள் விடவில்லை. வீட்டு வேலைகளில் குறை வைக்காமல், தினமும் வீட்டிலிருந்தே போய் வந்து படிக்கிறேன் என்று சம்மதம் வாங்கி, பெர்க்கிலியில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆங்கில இலக்கியம் படித்தார். 1900-ல் பட்டமளிப்பு விழா மேடையில் பேசும் வாய்ப்பும் வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்படிப் பேசிய முதல் பெண் இவர்தான். பள்ளிக்குப் போகவே பயந்த பெண் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மேற்படிப்புக்காக நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். தான் விரும்பிய பேராசிரியர் தன் வகுப்பில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் உளவியல் பக்கம் போய், எட்வர்ட் தார்ன்டைக்கின் வகுப்பில் உட்கார்ந்தார். கற்றல் எப்படி நடக்கிறது என்பதைச் சோதனைகள் மூலம் ஆராய்ந்த பெரிய ஆள் அவர். உடல்நலம் கெட்டதால் லில்லியன் சீக்கிரமே ஊர் திரும்ப வேண்டி வந்தது. இலக்கியத்திலேயே எம்.ஏ. முடித்தார். ஆனால் உளவியல் மேல் வந்த ஆர்வம் மட்டும் கூடவே வந்தது.

செங்கல் அடுக்கிய மனிதர்

1903-ல் ஐரோப்பா சுற்றுலாவுக்குக் கிளம்பியவர், வழியில் பாஸ்டனில் ஃபிராங்க் கில்பிரெத்தைச் சந்தித்தார். அடுத்த வருடம் அக்டோபரில் கல்யாணம்.

ஃபிராங்க் கல்லூரிக்குப் போகாதவர். 17 வயதில் கொத்தனார் வேலைக்குப் பழகப் போனார். அங்கே ஒரு விஷயம் அவரை உறுத்தியது. ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல் வைக்கிறார். அதுமட்டுமில்லை, ஒரே கொத்தனார் அவசரத்தில் ஒரு மாதிரியும், நிதானத்தில் ஒரு மாதிரியும், புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வேறு மாதிரியும் வைக்கிறார். இதில் எது சரி? ஃபிராங்க் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். ஒரு செங்கல் வைக்க 18 அசைவுகள். அதில் பாதிக்கு மேல் குனிவதும் நிமிர்வதும் தேடுவதும் திருப்பிப் பார்ப்பதும்தான். செங்கலையும் கலவையையும் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவரும், சுவரோடு சேர்ந்து உயர்த்தக்கூடிய சாரத்தைச் செய்தார். நல்ல பக்கம் தெரியும்படி செங்கலை முன்கூட்டியே அடுக்கி வைக்கச் சொன்னார். 18 அசைவுகள் நாலரையாகக் குறைந்தன. மணிக்குச் சுமார் 120 செங்கல் வைத்தவர்கள் 350 வைத்தார்கள்.

கவனியுங்கள், யாரையும் வேகமாக வேலை செய் என்று அவர் விரட்டவில்லை. செங்கல் இருந்த இடம்தான் மாறியது.

கல்யாணத்துக்குப் பிறகு லில்லியன் கணவரோடு கட்டுமான இடங்களுக்குப் போனார், சாரம் ஏறினார், அவருடைய புத்தகங்களைத் திருத்தினார், பல பகுதிகளை எழுதினார். ஆரம்ப காலப் புத்தகங்களின் அட்டையில் கணவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

ஸ்டாப்வாட்சும் மனசும்

அது ஃபிரெடரிக் டெய்லரின் காலம். விஞ்ஞான முறை மேலாண்மை என்று நம் பாடத்தில் வருமே, அதன் தந்தை. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு தொழிலாளி எத்தனை நொடியில் வேலையை முடிக்கிறார் என்று அளப்பது அவர் முறை. 1911-ல் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் இந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது.

ஏன் எதிர்த்தார்கள்? சோம்பேறித்தனமா? லில்லியனுக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை செய்கிறவருக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது. நம்மை வேவு பார்க்கிறார்கள் என்று தோன்றினால் அது முரண்டு பிடிக்கும். என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று புரிந்தால் அது ஒத்துழைக்கும். தான் நேற்றைவிட இன்று முன்னேறியிருக்கிறோமா என்று தெரிந்தால் அதற்கு ஒரு சந்தோஷம். செய்ததற்குப் பாராட்டு உடனே வந்தால் நாளைக்கும் செய்யத் தோன்றும், ஆறு மாதம் கழித்து வந்தால் அதற்கு அத்தனை பலம் இல்லை. இன்று செல்போன் ஆப்புகள் நமக்கு ஸ்ட்ரீக், பேட்ஜ் என்று கொடுத்து விளையாடுகின்றனவே, அதன் பின்னால் இருக்கிற இந்த விஷயத்தை நூறு வருடத்துக்கு முன்னாலேயே தொழிற்சாலையை வைத்து அவர் எழுதினார்.

மேலாண்மையின் உளவியல் என்ற அந்த ஆய்வை டாக்டர் பட்டத்துக்காகத்தான் எழுதினார். பெர்க்கிலி பல்கலைக்கழகமோ, ஒரு வருடம் இங்கேயே தங்கியிருந்தால்தான் பட்டம் என்றது. லில்லியன் அப்போது நாட்டின் மறுகோடியில், கைக்குழந்தைகளோடு. போக முடியவில்லை, பட்டம் கிடைக்கவில்லை. ஆய்வைப் பத்திரிகையில் தொடராக வெளியிட்டார்கள், 1914-ல் புத்தகமாக வந்தது. அட்டையில் எல். எம். கில்பிரெத் என்று முதலெழுத்துகளோடு மட்டும் பெயர். எழுதியது பெண் என்று தெரிந்தால் விற்காது என்ற பயம்தான் காரணம்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? போதும்டா சாமி என்று விட்டிருப்போம். லில்லியன் குடும்பத்தோடு ராட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸுக்குக் குடிபோய், பிரௌன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, இரண்டாவதாக இன்னொரு ஆய்வேடு எழுதினார். இந்த முறை தலைப்பு, பள்ளிகளில் கற்பிப்பதில் ஏற்படும் விரயத்தைக் குறைப்பது. 1915-ல் பட்டம் கிடைத்தது. அப்போது வீட்டில் ஆறு பிள்ளைகள்.

ஓய்வும் வேலைதான்

அந்தச் சமயத்தில் கில்பிரெத் தம்பதி சினிமா கேமராவைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனார்கள். பக்கத்தில் வேகமாகச் சுற்றும் ஒரு கடிகாரத்தை வைத்து, தொழிலாளியின் கை அசைவுகளைப் படம் பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்தவைதான் தெர்ப்ளிக்குகள். தேடுவது, கண்டுபிடிப்பது, தேர்ந்தெடுப்பது, பிடிப்பது, நகர்த்துவது, பொருத்துவது, திட்டமிடுவது என்று பதினெட்டு வாக்கில் வரும்.

அந்தப் பட்டியலில் ஒன்று, களைப்பு நீங்க ஓய்வெடுப்பது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும்போது இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். வேலையை அசைவு அசைவாகப் பிரித்த இவர்கள், ஓய்வை வேலைக்கு வெளியே வைக்கவில்லை. அதுவும் வேலையின் ஒரு பகுதி என்று உள்ளேயே வைத்தார்கள்.

1916-ல் களைப்பைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் எழுதினார்கள். நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு ஏற்ற உயரத்தில் நாற்காலி, கண் கூசாத வெளிச்சம், இடையிடையே ஓய்வு என்று எத்தனையோ விஷயங்கள். சரியான நாற்காலிகளைச் சேகரித்து ஒரு கண்காட்சியே வைத்தார்கள். கைக்குட்டை மடிக்கும் பெண்களைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் கொஞ்ச நேரம் நின்றும் வேலை செய்ய வைத்து, நடுநடுவே ஓய்வும் கொடுத்தபோது, அவர்கள் மடித்த கைக்குட்டைகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது.

பன்னிரண்டு பேர் கணக்கு

வீடும் ஒரு சோதனைக்கூடம்தான். குளியலறையில் சார்ட் தொங்கும். பல் தேய்த்தாச்சா, குளித்தாச்சா, எடை பார்த்தாச்சா என்று பிள்ளைகளே குறிக்க வேண்டும். குளிக்கும்போது காதில் விழட்டும் என்று பிரெஞ்சு, ஜெர்மன் பாட இசைத்தட்டுகள் ஓடும். குடும்ப கவுன்சில் கூடும், ஓட்டெடுப்பு நடக்கும். வேலி பெயின்ட் அடிக்க யார் குறைவான தொகை கேட்கிறார்களோ அவர்களுக்கு வேலை, நம்ம ஊர் டெண்டர் மாதிரி. நேரம் மிச்சமாகும் என்று ஃபிராங்க் ஒருநாள் இரண்டு கையிலும் சவரக்கத்தி பிடித்து ஷேவ் செய்து பார்த்தாராம். 44 நொடி மிச்சம், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப்போட இரண்டு நிமிஷம் செலவு. இதையெல்லாம் பிள்ளைகள் இருவர் பின்னாளில் எழுதிய சீப்பர் பை த டஸன் என்ற புத்தகம் சொல்லும். 1948-ல் வெளியாகி, 1950-ல் சினிமாவாகவும் வந்தது.

சிரித்துக்கொண்டே படிக்கிற புத்தகம்தான். ஆனால் அதில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இரண்டாவது மகள் மேரி 1912-ல் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனாள். ஐந்து வயது. கடைசிக் குழந்தை பிறந்தது 1922-ல். ஆக, பன்னிரண்டு பிள்ளைகளும் ஒன்றாக அந்த வீட்டில் ஒருநாள்கூட இருந்ததில்லை. மேரியைப் பற்றி லில்லியன் அதிகம் பேசியதும் இல்லை. எல்லாவற்றையும் சார்ட் போட்டு அளந்த வீட்டில், அளக்க முடியாத ஒன்றும் இருந்திருக்கிறது.

ஜூன் 14, 1924

ஃபிராங்க் நியூஜெர்சியில் உள்ள மாண்ட்கிளேர் ரயில் நிலையத்தின் டெலிபோன் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் லில்லியன். பாதிப் பேச்சில் குரல் நின்றது. மாரடைப்பு. வயது 55.

லில்லியனுக்கு வயது 46. பதினொரு பிள்ளைகள், மூத்த மகளுக்கு 18, கடைக்குட்டிக்கு இரண்டு. லண்டனிலும் ப்ராக் நகரிலும் நடக்கவிருந்த மாநாடுகளுக்கு ஃபிராங்க் கப்பலேற இருந்தார். அவர் இறந்த ஐந்தாவது நாள், அதே பயணத்தில் லில்லியன் கிளம்பினார். பிள்ளைகளைப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள். துக்க வீட்டிலிருந்து மேடைக்குப் போவதா என்று நமக்கு முதலில் நெருடும். ஆனால் இந்தத் தொழில் தன்னுடையதும்தான் என்று உலகத்துக்குக் காட்ட அவருக்கு இருந்த ஒரே வாய்ப்பு அது. தவறவிட்டால் பதினொரு பேர் சாப்பாடும் படிப்பும் கேள்விக்குறி.

பயந்த மாதிரியேதான் நடந்தது. ஃபிராங்க்கோடு ஒப்பந்தம் போட்டிருந்த நிறுவனங்கள் பல, அவர் இல்லை என்றதும் விலகின. இருபது வருடம் கூடவே உழைத்த, டாக்டர் பட்டம் வாங்கிய பெண்ணை ஒரு இன்ஜினியராக அவர்களால் பார்க்க முடியவில்லை.

சமையலறை வழியாக

முன்கதவு மூடியதும் லில்லியன் வேறு கதவைத் தட்டினார். முதலில் தன் வீட்டிலேயே, நிறுவனங்கள் அனுப்பும் ஆட்களுக்கு அசைவு ஆய்வு வகுப்பு தொடங்கினார். மேசிஸ் என்ற பெரிய கடைக்கு ஆலோசகரானபோது, தானே கவுன்டரில் நின்று விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தார். எங்கே கால் வலிக்கிறது, எங்கே கண் வலிக்கிறது என்று அனுபவித்துவிட்டுத்தான் யோசனை சொன்னார். ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்டுக்கொண்டதற்காகச் சானிட்டரி நாப்கின் பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கருத்துக் கேட்டு அறிக்கை கொடுத்தார். 1927-ன் தொடக்கம் அது. யாரும் வாய்திறந்து பேசாத விஷயத்தில், பயன்படுத்துகிறவரிடமே கேட்டுப் பார் என்ற முறையைக் கையாண்டார்.

பிறகு சமையலறை. பெண்ணுக்குச் சமையலறை பற்றித்தானே தெரியும் என்று அன்றைய நிறுவனங்கள் நினைத்தன. சுவாரசியம் என்னவென்றால், லில்லியனுக்குச் சமையல் பெரிதாக வராது, வீட்டில் வேறு ஆட்கள்தான் செய்தார்கள். ஆனால் அசைவை எண்ணத் தெரியும். அடுப்பு, மேடை, ஃபிரிட்ஜ், பாத்திர அலமாரி எல்லாம் எட்டும் தூரத்தில் வருமாறு ஒரு சமையலறையை வடிவமைத்தார். அதே ஸ்ட்ராபெரி கேக்கை வழக்கமான சமையலறையில் செய்ய 281 காலடி நடக்க வேண்டியிருந்தது, புதிய அமைப்பில் 45 போதும். மேடை உயரம் நிற்பவரின் உயரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி, ஃபிரிட்ஜ் கதவின் உள்பக்கத் தட்டுகள் ஆகியவையும் இவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன.

இங்கே ஒரு கேள்வி வரும். தொழிற்சாலையில் மிச்சமான நேரம் யாருக்குப் போனது? பல இடங்களில் முதலாளிக்குத்தான். தொழிலாளர்களின் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. லில்லியனின் கருத்துகளைப் படித்துவிட்டு உற்பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓய்வை விட்டுவிட்டவர்களும் உண்டு. ஆனால் அவர் சேமித்த நேரம் வாழ்வதற்கு என்றே நினைத்தார். பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஏற்ற சமையலறைகளை வடிவமைக்கும் வேலைக்கு அவர் போனதும் அதனால்தான்.

1926-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தில் உறுப்பினர். 1935-ல் பர்டூ பல்கலைக்கழகத்தின் இன்ஜினியரிங் துறையில் பேராசிரியர். 1965-ல் அமெரிக்க தேசிய இன்ஜினியரிங் அகாடமிக்குத் தேர்வான முதல் பெண். 1966-ல் ஹூவர் பதக்கம் பெற்ற முதல் பெண். பதினொரு பிள்ளைகளும் கல்லூரிக்குப் போனார்கள். 1972 ஜனவரி 2 அன்று, 93 வயதில் காலமானார். 1984-ல் அமெரிக்கா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் பெயர் முழுசாக இருந்தது.

நமக்கு என்ன?

சரி, முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். செமஸ்டர் நெருங்கும்போது நாம் எல்லோரும் செய்கிற ஒன்று உண்டு. நாளையிலிருந்து காலை நாலு மணிக்கு எழுவேன் என்று சபதம். மூன்றாவது நாள் தூங்கிவிட்டு, நான் ஒரு வேஸ்ட் என்று நம்மையே திட்டிக்கொள்வது. லில்லியன் நம் ஹாஸ்டல் ரூமுக்கு வந்தால் முதலில் நம்மைத் திட்ட மாட்டார். சார்ஜர் எங்கே இருக்கிறது, போன் எங்கே இருக்கிறது, புத்தகம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். கட்டிலில் படுத்தபடியே போன் எட்டுகிறது, புத்தகத்துக்கு எழுந்து போய் பீரோ திறக்க வேண்டும் என்றால், செங்கல் தரையில் கிடக்கிறது என்று அர்த்தம். கொத்தனாரைக் குறை சொல்லி என்ன பயன்?

இந்த வாரம் ஒருநாள் முயற்சி செய்து பாருங்கள். ரெக்கார்ட் நோட் எழுத உட்கார்ந்ததிலிருந்து முடிக்கும் வரை என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு பேப்பரில் வரிசையாக எழுதுங்கள். எத்தனை முறை தேடினீர்கள், எத்தனை முறை எழுந்தீர்கள், எத்தனை முறை போனை எடுத்தீர்கள். கூடவே எத்தனை முறை உண்மையிலேயே ஓய்வெடுத்தீர்கள் என்பதையும் குறியுங்கள். ரீல்ஸ் பார்த்தது அந்தக் கணக்கில் வராது. பிறகு ஒரே ஒரு பொருளின் இடத்தை மாற்றுங்கள். அடுத்த நாள் மறுபடி எண்ணுங்கள்.

மிச்சமாகும் நேரத்தை என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? அது உங்கள் நேரம். இன்னொரு அசைன்மென்ட்டால் அதை நிரப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஹாஸ்டலில் இருப்பவர்கள் வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசலாம். அதற்குத்தான் லில்லியன் இத்தனை வருடம் அசைவுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.